உயர்த்திய வண்டியின் கோணங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோஆப் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த செம்பாறைச் சரிவுகளிலும், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளைக் கடந்து செல்லும் ரூபிகான் தடத்திலும் வண்டி ஓட்டுவதைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில், கம்பெனி கொடுத்த ஜீப்பைக் கொடுத்தபடியே அந்தப் பாறைகளின்மேல் ஏற்றுகிறவர்கள் சிலரே. ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியின் உடலை 3 அல்லது 4 அங்குலம் உயர்த்தி, 28 அங்குல உயரமுள்ள டயர்களுக்குப் பதிலாக 33 அங்குல டயர்களைப் பூட்டிக்கொண்ட பிறகே பலர் புறப்படுகிறார்கள். பாறை வயிற்றில் இடியாமலிருக்க இது அவசியமே. ஆனால் பாறைமேல் ஆடுபோல் ஏறிய அதே வண்டி, மலையை விட்டிறங்கி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும், நேராகப் போக மறுக்கிறது; சிறு பள்ளத்தில் விழுந்தால் தானாகத் திரும்புகிறது; சில சமயங்களில் முன்பக்கம் முழுவதும் உதறி, ஓட்டுபவரின் கையிலிருந்து ஸ்டியரிங்கையே பறித்துக்கொள்ளப் பார்க்கிறது. பாகம் எதையும் உடைக்காமல், உயரத்தை மட்டும் கூட்டியதால் இவ்வளவு விபரீதங்கள் எப்படி உண்டாயின என்பதும், அவற்றின் மூலத்தை எந்த முறையில் தேடவேண்டும் என்பதும் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஒற்றை அச்சும் அதன் கட்டுகளும்

1940 செப்டம்பரில் பாண்டம் கம்பெனியார் தங்கள் முதல் மாதிரியை மேரிலாந்திலுள்ள ஹோலாபேர்ட் ராணுவ முகாமில் ஒப்படைத்த நாள் தொட்டு, இன்றைய ராங்ளர் வரையில், ஜீப்பின் நேர் வாரிசுகளெல்லாம் முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் தாங்கி வந்திருக்கின்றன. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால், அதே அச்சு நெம்புகோலாகி மறு சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. அச்சின் நடுவிலுள்ள கியர் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் குறைவதில்லை. பெரும்பாலான கார்கள் கைவிட்ட இந்தப் பழைய அமைப்பு இங்கே நிலைத்ததற்கு இதுவே காரணம்.

பழைய ஜீப்புகளில் அச்சைத் தாங்கிய பட்டை ஸ்பிரிங்குகளே அது முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் நகராதபடி பிடித்துக்கொண்டன. 1984 மாடலாக வந்த செரோக்கியின் முன்புறத்திலும், 1997 மாடல் ராங்ளரின் நான்கு மூலைகளிலும் சுருள் ஸ்பிரிங் வைத்தபோது, பாரம் தாங்குவதைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தச் சுருள்களுக்குத் துணையாகத் தனித் தண்டுகள் தேவைப்பட்டன. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கண்ட்ரோல் ஆர்ம்கள் அச்சை முன்பின்னாக நகராமல் பிடிக்கின்றன. சட்டத்தின் இடப்புறத்திலிருந்து அச்சின் வலப்புறத்துக்குச் சாய்வாக ஓடும் டிராக் பார் என்ற ஒற்றைத் தண்டு பக்கவாட்டு நகர்ச்சியைத் தடுக்கிறது. அதற்கு ஏறக்குறைய இணையாக, ஸ்டியரிங் பெட்டியின் பிட்மன் ஆர்மிலிருந்து வலது சக்கரத்தின் நக்கிளுக்கு டிராக் லிங்க் போகிறது. இரு சக்கரங்களையும் ஒருமித்துத் திருப்புவது டை ராட். டை ராட் நீங்கலாக இத்தண்டுகள் அனைத்தும் ஒரு முனையில் நிலையாகக் கீல்கொண்டு மறு முனையில் வட்டவில்லாகச் சுழல்பவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், உயர்த்துவதால் வரும் சங்கடங்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும். உயரம் கூடும்போது அவற்றில் ஒவ்வொரு தண்டும் தன் வட்டத்தில் ஒரு புதிய இடத்துக்குப் போகிறது. இடம் மாறினால் கோணம் மாறும். கோணம் மாறினால், அந்தத் தண்டு எந்தக் காரியத்துக்காக வைக்கப்பட்டதோ அந்தக் காரியம் பிசகும்.

கோளாறு எப்போது தொடங்கியது?

வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது. உயர்த்திய அன்றே தொடங்கி, வேகத்துக்கும் சாலைக்கும் ஏற்ப ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வரும் கோளாறு பெரும்பாலும் கோணத்தைச் சேர்ந்தது. நாளடைவில் தோன்றி மெல்ல வளர்ந்த கோளாறு தேய்மானத்தைச் சேர்ந்தது. புஷ்ஷோ, பால் ஜாயிண்டோ, போல்ட் துளையோ ஆட்டம் கண்டிருக்கும். பாறைத் தடத்துக்குப் போய் வந்த மறுநாள் திடீரெனத் தோன்றியது என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் சக்கரத்தின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். ரிம்மின் உள்வளைவில் அப்பிக் காய்ந்துபோன ஒரு கைப்பிடிச் சேறு, சக்கரத்தின் பேலன்ஸைக் குலைத்து முன்பக்கத்தை நடுங்கவைக்கப் போதுமானது. பாறையில் பிடிப்புக்காக 15 பவுண்டுக்கு இறக்கிய காற்றைத் திரும்ப அடிக்காமல் நெடுஞ்சாலை ஏறியவர்களும் உண்டு. ஒரு வாளி நீராலும் ஒரு காற்று மானியாலும் தீரக்கூடிய நோய்க்கு விலையுயர்ந்த பாகங்களை வாங்கிப் பூட்டுவது அறிவுடைமையாகாது.

நேராகப் போக மறுக்கும் வண்டி

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் வண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்தால், அதைத் தாங்கும் முளை சக்கரத்தின் மையத்துக்கு நேர்மேலே இராமல் சற்று முன்னே இருப்பது தெரியும். அதனால்தான் தள்ளுகிற திசை எதுவாயினும் சக்கரம் பின்னால் இழுபட்டு அத்திசைக்குத் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. காரின் முன் சக்கரத்தில் இதே பயனைப் பெற, சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனையைப் பின்பக்கமாகச் சாய்த்துவைக்கிறார்கள். இச்சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். அவ்வச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளியே சக்கரத்தை நேர்ப்படுத்தும் நெம்புகோல்.

1997 மாடல் ராங்ளருக்கு விதிக்கப்பட்ட காஸ்டர் சுமார் 7 பாகை. 33 அங்குல டயருக்கு இக்கோணத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய 51 மில்லிமீட்டராகக் கணக்காகிறது. மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் சம நீளமும் சம சாய்வும் உடையவை அல்ல. ஆகையால் உடலை உயர்த்தும்போது அச்சு கீழிறங்குவதோடு நில்லாமல் முன்னோக்கிச் சற்றே உருளவும் செய்கிறது. அவ்வாறு உருண்டு 7 பாகை 3 பாகையாகக் குறைந்தால், இடைவெளி 22 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இப்படிப்பட்ட வண்டியின் லக்ஷணம் தெளிவானது: வளைவில் திருப்பிய பின் ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் அது நடுவுக்குத் திரும்பி வருவதில்லை, நேர்ச் சாலையில் வண்டி ஒருபுறமாக இழுப்பதில்லை, ஆனால் இருபுறமும் அலைகிறது, ஓட்டுபவர் ஓயாமல் சிறுசிறு திருத்தங்கள் செய்துகொண்டே இருக்க நேர்கிறது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம்களைப் பூட்டி அச்சைப் பின்னோக்கிச் சுழற்றுவது இதற்குப் பரிகாரம். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைப்பார்கள்.

ஒரே பக்கம் இழுக்கும் வண்டி வேறு இனம். அதற்கு எளிய பரீட்சை, முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாவிட்டால் பிரேக்கையும் இருபுறக் காஸ்டரின் வேற்றுமையையும் ஆராயவேண்டும். டோ எனப்படும் சக்கரங்களின் உள்நோக்கம் பிசகியதா என்பதை அறிய, உள்ளங்கையை டயரின் முகத்தில் குறுக்காகத் தடவிப் பார்ப்பதுண்டு. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் கூராகவும் கைக்குத் தட்டுப்பட்டால், அந்தச் சக்கரம் இத்தனை நாளும் உருண்டதோடு பக்கவாட்டில் உரசிக்கொண்டும் வந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு தண்டுகளின் உடன்படிக்கை

டிராக் பாரின் நீளம் 800 மில்லிமீட்டர் என்றும், உயர்த்துவதற்கு முன் அதன் சட்ட முனை அச்சு முனையைவிட 100 மில்லிமீட்டர் மேலே இருந்ததென்றும் வைத்துக்கொள்வோம். 4 அங்குலம் உயர்த்தினால் இந்த வேறுபாடு ஏறக்குறைய 200 மில்லிமீட்டராகும். பித்தாகரஸின் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால், தண்டின் கிடைமட்ட நீளம் முன்னதைவிட 19 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். தண்டின் சட்ட முனை அசையாததால், அந்த 19 மில்லிமீட்டரும் அச்சையே இடப்பக்கம் இழுத்துவிடும். உயர்த்திய ஜீப்பின் இடது டயர் வலது டயரைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்பதன் ரகசியம் இதுவே. நீளம் மாற்றத்தக்க டிராக் பாரைப் பூட்டி அச்சை நடுவுக்குக் கொண்டுவந்தால், இப்போது ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கும். அச்சு நகர்ந்தபோது டிராக் லிங்க் நகராததே காரணம். டிராக் லிங்கின் திருகு உறையைச் சுழற்றி அதை நேராக்கவேண்டுமேயன்றி, ஸ்டியரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டலாகாது. அப்படி மாட்டினால் ஸ்டியரிங் பெட்டி தன் நடு நிலையை இழந்து, நேராகப் போகும்போதே ஆட்டம் காட்டும்.

இதைவிட முக்கியமானது, டிராக் பாரும் டிராக் லிங்கும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஏறக்குறைய சம நீளமாகவும் இருக்கவேண்டும் என்ற விதி. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது இரு தண்டுகளும் ஒரே மாதிரியான வில்லை வரைந்தால், அச்சும் நக்கிளும் சேர்ந்தே நகரும், திரும்புதல் நிகழாது. ஒன்றின் சாய்வு 10 பாகையும் மற்றதன் சாய்வு 15 பாகையுமாயிருந்தால், அச்சு 75 மில்லிமீட்டர் மேலேறும்போது இரண்டின் நகர்ச்சிக்கும் இடையே ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வித்தியாசம் தோன்றும். நக்கிளின் நெம்புகை 150 மில்லிமீட்டர் என்றால், ஓட்டுபவர் கையை அசைக்காமலே சக்கரங்கள் இரண்டரைப் பாகைக்கு மேல் திரும்பிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் இது அற்பமன்று. இப்பிசகு தானாக வருவதைவிட, அரைகுறைப் பரிகாரத்தால் வருவதே அதிகம். டிராக் லிங்கின் சாய்வு கூடிவிட்டதே என்று கீழே வளைந்த பிட்மன் ஆர்மை மாட்டுவார்கள். டிராக் பாரின் முனையை அதற்கு ஒத்தபடி மாற்றாமல் விட்டுவிடுவார்கள். இணையாயிருந்த இரண்டில் ஒன்றைத் திருத்துவது, இரண்டையும் கெடுத்ததாக முடிகிறது.

உதறல்

மேற்கூறிய கோளாறுகளை ஓட்டுபவர் சகித்துக்கொண்டு காலம் தள்ளமுடியும். சகிக்கமுடியாதது, அமெரிக்க ஜீப்காரர்கள் மரண உதறல் என்றே பெயரிட்டிருக்கும் விபரீதம். மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின் இணைப்பு விளிம்பைப் போன்ற சிறு தடையில் சக்கரம் மோதுகிறது. மறுகணம் முன் சக்கரங்கள் இடமும் வலமுமாக வெகு வேகமாக அடித்துக்கொள்கின்றன. தடை கடந்துபோன பின்னும் உதறல் அடங்குவதில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் ஓய்கிறது. அடி வாங்கிய பொருள் அதிர்ந்து ஓய்வது இயற்கை. அடி நின்ற பிறகும் அதிர்ச்சி வளர்வதென்றால், எங்கிருந்தோ அதற்குச் சக்தி கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அச்சக்தி வண்டியின் ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது.

சுழலும் சைக்கிள் சக்கரத்தின் இருசை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தவர்கள், அது சாயாமல் திரும்ப முயல்வதை உணர்ந்திருப்பார்கள். ஒற்றை அச்சில் ஒரு சக்கரம் மேலேறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. சாயும் சக்கரங்கள் இவ்விதிப்படி திரும்ப முயல்கின்றன. திரும்பும் சக்கரங்கள் அதே விதிப்படி அச்சை எதிர்த்திசையில் சாய்க்கின்றன. இவ்வாறு சாய்தலும் திரும்புதலும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போகின்றன. டயரின் நெகிழ்ச்சியும் தண்டுகளின் ஆட்டமும் இதற்கு உடந்தை. டயர் பெரிதும் கனமுமாக, இவ்விசையும் வளர்கிறது. 1920களின் கார்களைப் பிடித்து ஆட்டிய பெரும் வியாதி இதுதான். பிரெஞ்சுப் பொறியாளரான ஜார்ஜ் புரூலியே 1925இல் இதைப் பற்றி எழுதினார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஆங்கிலப் பொறியாளர் மாரிஸ் ஆலி, காடிலாக் கம்பெனியில் செய்த ஆராய்ச்சிகளின் பயனாக, 1934 மாடல் கார்களில் ஒற்றை அச்சு நீக்கப்பட்டு இரு முன் சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் வந்தது. ஒரு சக்கரம் ஏறினாலும் மற்றது சாயாததால் அந்தத் தூண்டுதலின் சங்கிலி அறுந்தது. பாறைமேல் பிடிப்புக்காக ஒற்றை அச்சை வைத்துக்கொண்ட ஜீப், அதனுடன் சேர்ந்த பழைய வியாதியின் வாய்ப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இணைப்புகள் இறுக்கமாயிருக்கும் வரையில் அவற்றின் உராய்வு அந்தச் சக்தியைத் தின்றுவிடுகிறது. எங்கேனும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கண்டால் உதறலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. 33 அங்குல டயர் மணிக்கு 80 கிலோமீட்டரில் வினாடிக்கு எட்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்வதால், பேலன்ஸ் தவறிய டயர் அத்தனை முறையும் ஒரு தட்டுத் தட்டி உதறலைத் தொடங்கிவைக்கும். இந்நிலையில் பலர் செய்வது, டை ராடோடு பூட்டியிருக்கும் ஸ்டியரிங் டேம்பரைப் புதியதாகவும் முரட்டுத்தனமானதாகவும் மாற்றுவது. உதறல் நின்றுவிடும், ஆனால் ஆட்டம் கண்ட இணைப்பு ஆட்டத்திலேயே இருக்கும். சில மாதங்களில் டேம்பர் தளர்ந்து, முன்னைவிடத் தேய்ந்துபோன பாகங்களோடு உதறல் திரும்பும். ஆகவே பரீட்சையின்போது டேம்பரைக் கழற்றி வைத்துவிடுவதே சரியான முறை.

ஆட்டத்தைக் கண்ணால் காண்பது

அந்தப் பரீட்சைக்கு இருவர் போதும். வண்டி ஜாக்கியின்மேல் இராமல் தன் சக்கரங்களின்மேலேயே நிற்கவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க, கைப்பிரேக்கைப் போட்டுப் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்றுக்கும் குறைவாக விடாமல் அசைக்க, மற்றவர் முன்பக்கமாகப் படுத்து ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பார்க்கிறார். ஒரு தண்டு அசைந்தும் அதன் மறு முனையில் பூட்டிய பாகம் ஒரு கணம் தாமதித்தால், அங்கே ஆட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. இணைப்பின் இரு பாகங்களையும் ஒருங்கே தொடும்படி விரலை வைத்தால், நுண்ணிய தட்டுதலும் தெரிந்துவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது டிராக் பாரின் இரு முனைகள். போல்ட்டின் தலையைச் சுற்றிப் பெயிண்ட் உதிர்ந்து, தாங்கு தகட்டில் பளபளவென்று பிறைபோன்ற தடம் தெரிந்து, அதன் விளிம்பில் செம்பொடிபோல் துரு படிந்திருந்தால், போல்ட் தளர்ந்து அசைந்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கழற்றிப் பார்த்தால் வட்டமாயிருக்கவேண்டிய துளை முட்டை வடிவாகியிருக்கும்; புது போல்ட் போட்டு இறுக்குவதால் அது குணமாகாது; தகட்டைப் பற்றவைத்துத் துளையைப் புதிதாக்கவேண்டும். அடுத்து டிராக் லிங்க், டை ராட் முனைகள். பிறகு ஸ்டியரிங் பெட்டி. தனிச் சட்டமில்லாமல் உடலே சட்டமாக அமைந்த செரோக்கியில், பெரிய டயர்களின் பாரத்தால் பெட்டியைத் தாங்கும் இடத்தில் வெடிப்பு விடுவது பலரறிந்த குறை. பெட்டி முழுவதுமே அசைகிறதா என்று பார்க்கத் தவறக்கூடாது. இவ்வளவும் சரியென்றால் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்து பால் ஜாயிண்டையும் பேரிங்கையும், பக்கவாட்டில் அசைத்து டை ராட் முனைகளையும் சோதிக்கலாம்.

புஷ்ஷுள்ள போல்ட்டுகளை இறுக்குவதற்கும் ஒரு நியதி உண்டு. வண்டி ஜாக்கியின்மேல் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி, அம்முறுக்கோடே உழைத்துச் சீக்கிரம் கிழிந்துபோகும். பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் நிற்கும்போதே கடைசி இறுக்கம் கொடுக்கவேண்டும்.

தீர்வும் அதன் விலையும்

அசைவும் ஆட்டமும் இல்லாத வண்டியிலும், உயர்த்திய பிறகு வண்டியின் அடித்தளத்தில் ஒரு முணுமுணுப்பும் நடுக்கமும் வருவதுண்டு. இது ஸ்டியரிங்கில் உணரப்படுவதைவிடக் காலடியிலும் இருக்கையிலும் அதிகமாக உணரப்படும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட் 15 பாகை வளைந்து சுழலும்போது, ஒரே சீரான வேகத்தைப் பெற்றுக்கொண்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை 3½ சதவீத அளவு கூடியும் குறைந்தும் வேகத்தை வெளியிடுகிறது. இரு முனைகளிலும் சமகோணத்தில் ஜாயிண்டுகள் இருந்தால் ஒன்றின் பிசகை மற்றது அழித்துவிடும். உயர்த்துதல் அச்சமநிலையைக் குலைக்கிறது. 1997 மாடல் ராங்ளரில் இருசக்கர ஓட்டத்திலும் முன் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருப்பதால், அதைக் கழற்றிவைத்து ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் முன்னதா பின்னதா என்பது உடனே தீர்மானமாகும்.

இங்கே காஸ்டருக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள பகை வெளிப்படுகிறது. காஸ்டரைக் கூட்ட அச்சைப் பின்னோக்கிச் சுழற்றினால், பின்புறம் நோக்கியிருக்கும் பினியன் தலை குனிகிறது; உயரத்திலுள்ள கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்டோடு அதன் கோணம் அதிகரிக்கிறது. நேராக ஓடவேண்டுமானால் நடுக்கத்தைப் பொறுக்கவேண்டும். நடுக்கம் நீங்கவேண்டுமானால் நேரோட்டத்தில் சற்று விட்டுக்கொடுக்கவேண்டும். ஆகவே அனுபவசாலிகள் தொழிற்சாலையின் 7 பாகையையே பிடிவாதமாகக் கோராமல், 5 பாகைக்கு அருகில் வைத்து ஓட்டிப் பார்த்து, அலைச்சலும் நடுக்கமும் ஒருங்கே தணியும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

தொழிற்சாலையில் வரைந்த வண்டியில் இந்தக் கோணங்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் இசைவான ஓர் உயரம் உண்டு. அதைவிட்டு மேலே போகப் போக, ஒன்றைத் திருத்த மற்றொன்றையும் திருத்தவேண்டிய கட்டாயம் கூடிக்கொண்டே போகும். 2 அங்குலத்துக்குப் பெரும்பாலும் அலைன்மெண்டும் இரண்டொரு தண்டுகளும் போதும். 4 அங்குலத்துக்கு முன்பகுதி முழுவதையும் புதிதாகக் கணக்கிடவேண்டும். ஆதலால் எவ்வளவு உயர்த்தலாம் என்பதைக் கடையில் விற்கும் ஸ்பிரிங்கின் அளவைக்கொண்டு தீர்மானிக்காமல், எந்தப் பாறையில் ஏறப்போகிறோம், அதற்கு எந்த டயர் தேவை, அந்த டயர் உரசாமல் சுழலக் குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அவ்வளவோடு நிற்பதே உத்தமம்.